ஞாயிறு காலைப் பறவை நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் ஏதாவது ஒரு பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ கூடி, தமிழில் பேசிக்கொண்டே பறவை பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் வசதி. சில பதில்கள் நீளம், சில ஒற்றை வரி.

நடை என்கிறீர்களே, எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்?

இரண்டரை மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் போனாலே அதிகம். உடற்பயிற்சியை நினைத்து வருகிறவர்கள் அரை மணி நேரத்திலேயே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நேரத்தில் பாதிக்கு மேல் நின்றுகொண்டுதான் இருப்போம். ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். வந்தபோது வெறும் இலையாகத் தெரிந்த இடத்தில் முதலில் ஒரு தேன்சிட்டு தட்டுப்படும். பிறகு கீழ்ப் புதரில் தையல்சிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு தாவும். அதற்கும் பிறகுதான், இவ்வளவு நேரம் நம் தலைக்கு நேர்மேலே ஒரு பச்சைப்புறா உட்கார்ந்திருந்ததே தெரியவரும். தனியாகப் போகிறவர்களில் பலருக்கு அந்தப் பத்து நிமிடம் நிற்கப் பொறுமை இருப்பதில்லை. கூட்டமாகப் போகும்போது வழிகாட்டி நிற்பதால் நாமும் நிற்கிறோம். குழு நடையால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பது என் கணிப்பு. பெயர் சொல்லித் தருவதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வரலாமா?

ஒன்றும் தெரியாது என்று சொல்கிறவர்களுக்கும் காகம், மைனா, குயில், புறா, கொக்கு தெரியும். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

மைனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிக்கடை மேசையில் சோற்றுப் பருக்கை பொறுக்கும் கறுப்பு மைனாவும், ஊரில் வயல் வரப்பில் பார்த்த மைனாவும் ஒன்றல்ல. ஊர் மைனாவுக்கு உடம்பு பழுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் தெரியும். காப்பிக்கடை மைனா ஜாவா மைனா. அதற்கு உடம்பு கருஞ்சாம்பல், கண்ணைச் சுற்றி மஞ்சள் கிடையாது, அலகுக்கு மேலே நெற்றியில் ஒரு சின்னக் குடுமி இருக்கும். 1920களில் கூண்டுப் பறவையாக இங்கே கொண்டுவரப்பட்டது, தப்பித்துப் பெருகிவிட்டது. இன்று தீவு முழுக்க அதன் ராஜ்ஜியம். பழுப்பு மைனா இங்கேயும் உண்டு, ஆனால் தேடித்தான் பார்க்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், சொந்த ஊரான ஜாவாவில் கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே ஜாவா மைனா அருகிவருகிறது. இங்கே தொல்லை என்று விரட்டுகிறோம்.

முதல் முறை வருகிறவர்களுக்கு இந்த இரண்டு மைனாவையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டாலே அந்தக் காலைப்பொழுது வீணில்லை.

எங்கெங்கே போவீர்கள்?

மாதத்துக்கு ஒரு இடம், பருவத்தைப் பொறுத்து.

புதியவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு பாசிர் ரிஸ் பூங்கா. எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், பாதை சமதளம், கழிவறை பக்கத்திலேயே இருக்கிறது. சதுப்புநிலக் காட்டுக்குள் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மரத்தில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுவதைப் பார்க்கலாம். சில மாதங்களில் பகலிலேயே ஆந்தை கண்ணில் படும். புல்வெளியில் மேயும் கோழியை யாரோ வளர்ப்பது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். கால் சாம்பல் நிறமாகவும் காதருகே வெள்ளைத் திட்டும் இருந்தால் அது காட்டுக்கோழி. நாம் வளர்க்கும் கோழிக்கெல்லாம் மூதாதை அதுதான். அதன் சேவல் கூவும்போது கடைசி எழுத்தை முழுங்கிவிடும், கேட்டால் சிரிப்பு வரும்.

பிடாடரியும் எங்களுக்குப் பிடித்த இடம். இந்துக்களுக்கும் தனிப் பகுதி இருந்த பழைய இடுகாடு அது, 1972இல் மூடப்பட்டது. மனித நடமாட்டம் குறைந்து மரங்கள் ஓங்கி நின்ற காலத்தில் வலசைப் பறவைகள் அங்கே இறங்கப் பழகிக்கொண்டன. இப்போது சுற்றிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள், நடுவில் பூங்கா. வலசைக் காலத்தில் இன்றும் சில பறவைகள் வந்து இறங்குகின்றன. பழைய நாள்களில் பார்த்தவர்களிடம் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

தாவரவியல் பூங்கா, ஜூரோங் ஏரித் தோட்டம், டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா ஆகியவையும் சுற்றில் உண்டு. கிராஞ்சி சதுப்புநிலம் 2016இல் திறக்கப்பட்டது. அங்கே பறவைக் கோபுரம் வரைக்கும் யாரும் போகலாம், ஆனால் உள்ளே இருக்கும் மையப் பகுதிக்கு வழிகாட்டியோடு நடத்தப்படும் நடையில்தான் அனுமதி. அந்த நடைகளைத் தனியாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள், நாங்கள் அழைத்துப்போக முடியாது.

வருடத்துக்கு ஒரு தடவை சாங்கியிலிருந்து படகேறிப் புலாவ் உபின் போவோம். வைக்கோல் நிறத் தலையுள்ள ஒரு புல்புல் அங்கே இருக்கிறது. பாட்டு அவ்வளவு இனிமை என்பதாலேயே கூண்டு வியாபாரிகள் அதைத் தென்கிழக்காசியா முழுக்கப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை இது, எஞ்சியவற்றில் கணிசமான பங்கு இந்தச் சின்னத் தீவில்தான். படகை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே பெரும்பாலும் அதன் குரல் கேட்டுவிடும். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குத் தனிக் கேள்வியே வைத்திருக்கிறோம்.

சுங்கை பூலோவுக்குப் போயிருந்தேன். ஒன்றும் இல்லை. எல்லாரும் ஏன் அதைப் பற்றியே பேசுகிறார்கள்?

எப்போது போனீர்கள், அப்போது கடல் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா? இந்த இரண்டும்தான் விஷயம்.

சுங்கை பூலோவில் இன்று நாம் பார்க்கும் குளங்கள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகளாக இருந்தவை. 1986இல் பறவை ஆர்வலர்கள் சிலர் அங்கே திரளும் கரைப்பறவைகளைக் கவனித்து, பாதுகாக்கச் சொல்லி அரசிடம் எழுதினார்கள். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது, 2002இல் சட்டப்படி காப்பகமானது. சைபீரியா, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் வலசைப் பாதையில் இந்த இடம் ஒரு தங்குமடம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை பறவைகள் இருக்கும். ஜூன் மாதம் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்றால் பறவைகள் மீது குறை இல்லை, அவை வடதுருவத்துப் பக்கம் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது கடல். நீர் வற்றும்போது வெளியே சேற்றுப்பரப்பு திறந்துகொள்ளும். பறவைகள் அங்கே சிதறிப்போய்ப் புழுவும் நண்டும் தேடும், குளத்தில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். நீர் ஏறும்போது சேறு மூழ்கிவிடும், நிற்க இடமில்லாமல் எல்லாம் குளங்களுக்குள் வரும். மதகு வைத்து குளத்தின் நீர்மட்டத்தைக் குறைவாக வைத்திருப்பதால் அங்கே சேறு எப்போதும் தெரியும். ஆகவே கடல் ஏறி நிற்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மறைவிடத்தில் போய் உட்கார்ந்துவிடவேண்டும். அவை கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு கணக்கும். எங்கள் சுங்கை பூலோ நடை சில மாதம் காலை ஏழரைக்கும் சில மாதம் பத்து மணிக்கும் தொடங்குவது இதனால்தான். யாரோ சோம்பேறித்தனப்பட்டு நேரத்தை மாற்றவில்லை.

இறங்கியபின் பொறுமையாகப் பாருங்கள். அலகு அரிவாள்போல் கீழ்நோக்கி வளைந்திருந்தால் கோட்டான் (ஆந்தை அல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை). கால் பவளச் சிவப்பாக இருந்தால் பவளக்காலி. அதே உருவம், கால் மட்டும் மங்கிய பச்சை என்றால் பச்சைக்காலி. குட்டையான அலகோடு இரண்டடி ஓடி, நின்று, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. அலகின் நீளமும் வளைவும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு என்பதால் ஒரே சேற்றில் ஒன்றின் இரைக்கு மற்றொன்று அதிகம் போட்டி போடுவதில்லை. ஒன்று மேற்பரப்பில் பொறுக்கும், இன்னொன்று ஆழத்தில் குடையும்.

நுழைவுக் கட்டணம் இல்லை. கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து.

முதலை இருக்கிறதாமே?

சுங்கை பூலோவில் இருக்கிறது. உவர்நீர் முதலை, பெரியதுதான். பாதையை விட்டு இறங்காதீர்கள், தண்ணீர் ஓரத்தில் குனிந்து படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதையிலேயே படுத்திருந்தால் பதற்றப்படாமல் பின்வாங்கவேண்டும். இதைக் கடைப்பிடித்தால் பாலத்தின் மேலிருந்து அதைப் பார்ப்பதும் அன்றைய வரவில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமைகூட ஏழு மணிக்கு எழுந்து வரவேண்டுமா? பத்து மணிக்கு வைக்கக்கூடாதா?

இங்கே வருடம் முழுக்க சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. முதல் இரண்டு மணி நேரம் பறவைகள் பாடும், இரை தேடும், இடம் மாறும். ஒன்பதரைக்கு வெயில் ஏறிவிட்டால் அவையும் நிழலுக்குள் போய்விடும். காட்டு நடையைப் பத்து மணிக்கு வைத்தால் நீங்கள் பார்க்கப்போவது மரங்களைத்தான். கரைப்பறவை நடைக்கு மட்டும் கடல்தான் கணக்கு, மேலே சொன்னோம்.

எங்கள் புளோக்கில் ஒரு குயில் விடியற்காலை ஐந்து மணிக்கே கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

இது நடையைப் பற்றிய கேள்வியே இல்லை, ஆனால் எல்லா மாதமும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். கவிதையில் குயிலைக் கொண்டாடிய நமக்கு, ஒன்பதாவது மாடி சன்னலுக்கு வெளியே அது கூவும்போது மட்டும் காது கூசுகிறது.

கூவுவது ஆண். உடல் முழுக்கக் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்தது, அதன் குரல் வேறு, ‘கிக்-கிக்-கிக்’ என்று படபடப்பாக இருக்கும். குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பது தெரிந்ததுதான். இங்கே குயில் பெருகியது காகம் பெருகிய பிறகு. அந்தக் காகமும் இங்கத்திய பறவை அல்ல. 1890களில் மலாயாவின் கிள்ளான் காப்பித் தோட்டங்களில் புழுவை ஒழிக்க இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு ஒழிந்ததோ இல்லையோ, காகம் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. ஆக, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் பழைய காப்பித் தோட்டத் துரைமாருக்கும் பங்கு உண்டு.

செய்யக்கூடியது என்று கேட்டால், சன்னலைச் சாத்தலாம். நடைக்கு வந்தால் அந்தப் பறவையை நேரில் காட்டுகிறோம். பார்த்த பிறகு கோபம் குறைந்தது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். குறையாதவர்களும் உண்டு.

அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைப்போம். பூங்காவில் புறாவுக்குத் தானியம் போடுவது புண்ணியம்தானே?

இங்கே அது குற்றம். 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி காட்டுவிலங்குக்கோ பறவைக்கோ தீவில் எங்கேயும் உணவு போடக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை, மறுபடி பிடிபட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம். புறாவுக்குப் போட்டு நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். காகத்துக்குத் தனிச் சலுகை கிடையாது.

இதை நடைக்கு வரும் பெரியவர்களிடம் சொல்லும்போது முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டி காலத்திலிருந்து சாப்பிடும் முன் ஒரு பிடி வெளியே வைத்துப் பழகிய வீடுகள். ஆனால் மனிதர்கள் போடும் சோற்றுக்குப் பழகிய காகம் ஆளைக் கண்டு அஞ்சாது, கூட்டுக்கு அருகே போகிறவர் தலையில் கொத்தும். கடைசியில் புகார் வரும், தேசியப் பூங்காக் கழகத்து ஆள்கள் கூட்டை அகற்றுவார்கள், காகங்களைக் குறைப்பார்கள். நாம் போட்ட பிடிச் சோறு அவற்றுக்கே வினையாகிறது. படையல் போடுகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். சாத்திரம் எங்களுக்குத் தெரியாது, சட்டம் தெரியும்.

பைனாகுலர் வாங்கவேண்டுமா? எது நல்லது?

முதல் மூன்று நான்கு நடைக்கு வாங்காதீர்கள். எங்களிடம் இரவல் தரச் சில இருக்கின்றன, முன்கூட்டியே சொன்னால் எடுத்துவருவோம். ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது 8x42 அல்லது 8x32 என்று எழுதியதைக் கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்றால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதில்லை. மடங்கு கூடக்கூட கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். இங்கே காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, பறவை கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருக்கும். அதற்கு 8 மடங்குதான் சரி. கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே திருகி வைத்துக்கொண்டு பாருங்கள், முழு வட்டமும் தெரியும்.

பறவை பைனாகுலருக்குள் அகப்படவே மாட்டேன் என்கிறது என்று முதல் நாள் எல்லாரும் புலம்புவார்கள். குனிந்து பைனாகுலரைத் தேடிவிட்டு நிமிர்ந்தால் கிளை தவறிவிடும். பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

கேமராவோடு வரலாமா?

வாருங்கள். ஆனால் இது படம் எடுக்கும் நடை அல்ல. பெரிய லென்ஸோடு ஒருவர் முன்னே பாய்ந்தால் பின்னால் நிற்கிற பதினான்கு பேருக்கும் பறவை போச்சு. ஃபிளாஷ் வேண்டாம், ஆந்தைக்கு நிச்சயம் வேண்டாம். கூட்டைக் கண்டால் நிற்காமல் நகர்ந்துவிடுவோம். கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிக் கட்டிப் படம் எடுப்பதைக் கண்டால் அந்த ஆளோடு இனி நடை இல்லை.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பதும் எங்களிடம் கிடையாது. எதிரி தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டான் என்று நினைத்து அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு ஓடிவரும். ஒரு காலையில் ஐந்து குழு அதே இடத்தில் இதைச் செய்தால் அந்தப் பறவையின் கதி என்ன?

இருவாச்சியைப் பார்க்க முடியுமா? மகளுக்கு அது ஒன்றுதான் வேண்டுமாம்.

வாக்குக் கொடுக்க முடியாது, வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பாசிர் ரிஸ், சாங்கி, புலாவ் உபின் பக்கம் வாருங்கள்.

சிங்கப்பூரில் இருவாச்சி முற்றிலும் இல்லாமல் போயிருந்தது. நூறாண்டுக்கு மேல் இடைவெளி விட்டு 1994இல் புலாவ் உபினில் மறுபடி தென்பட்டது. கூடு வைக்கப் பெரிய பொந்துள்ள முதிர்ந்த மரம் அதற்கு வேண்டும். அப்படிப்பட்ட மரம் இங்கே குறைவு என்பதால் செயற்கைக் கூட்டுப்பெட்டிகளை மரங்களில் பொருத்தினார்கள். ஏற்றுக்கொண்டு பெருகிவிட்டன. இன்று அடுக்குமாடியின் நடைபாதைக் கைப்பிடிச் சுவரில்கூட வந்து உட்காருகின்றன.

பெண் பறவை பொந்துக்குள் போனபின் வாயிலை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்துவிடும், ஒரு கீற்றுச் சந்து மட்டும் மிச்சம். அதன் வழியே ஆண் பழமும் பல்லியும் கொண்டுவந்து ஊட்டும். இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். மகளிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இருவாச்சி மற்றப் பறவைகளின் குஞ்சையும் தின்னும். ஒரு முறை எல்லார் கண் முன்னாலும் அது நடந்துவிட்டது, ஒரு பையன் அன்று சாப்பிடவே இல்லை.

எத்தனை வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவரலாம்?

ஏழெட்டு வயதுக்கு மேல் நன்றாக ஒத்துவரும். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் பாதியில் கழன்றுகொள்ளத் தயாராக இருக்கவேண்டும். தள்ளுவண்டி, சக்கர நாற்காலி என்றால் பாசிர் ரிஸ், ஜூரோங் ஏரி நடைகளுக்கு வாருங்கள். புக்கிட் தீமா பக்கம் படியும் ஏற்றமும் உண்டு.

நான் கட்டுமான வேலையில் இருக்கிறேன். ஞாயிறுதான் லீவு, அதுவும் எல்லா வாரமும் இல்லை. ஆங்கிலமும் அவ்வளவு வராது. என்னைப் போன்றவர்கள் வரலாமா?

தம்பி, கேட்கவே வேண்டாம், வாருங்கள். பணம் கட்டவேண்டியதில்லை, ஷூ வேண்டும் என்பதில்லை, பேச்சு முழுக்கத் தமிழ். கடைசி நேரத்தில் ஓவர்டைம் வந்துவிட்டால் வரமுடியவில்லை என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

உண்மையைச் சொன்னால் எங்கள் நடையில் கூர்மையான கண்கள் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களுடையவைதான். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் புதருக்குள் செம்போத்து நடப்பதை அசைவிலேயே சொல்லிவிடுகிறார்கள். கிராஞ்சிப் பக்கம் ஓலையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை முதலில் காட்டியதும் விடுதியிலிருந்து வந்த ஒருவர்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதை அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறார்கள். கூட்டில் இரண்டு வாசல் தெரிந்தால் இன்னும் கட்டி முடியவில்லை, பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்த பிறகுதான் ஆண் ஒன்றை அடைத்துக் குழல்போட்டு முடிக்கும் என்று அவர் விளக்கியபோது வழிகாட்டிக்கு வேலையே இல்லை.

எதை உடுத்திக்கொண்டு வரவேண்டும்? என்ன எடுத்துவரவேண்டும்?

மங்கிய நிறத்தில் உடை, முடிந்தால் முழுக்கை, முழுக்கால். கொசு கடிக்கும், மருந்து தடவிக்கொண்டு வாருங்கள், ஆனால் பைனாகுலரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரப்பர் பிசுபிசுத்துவிடும். தண்ணீர், தொப்பி, குடை. அத்தர், வாசனைத் திரவியம் வேண்டாம் என்று எங்கோ படித்தேன் என்பார்கள். பறவைக்கு அதனால் ஒன்றுமில்லை, கொசுவுக்குத்தான் குஷி.

பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு வராதீர்கள். பைக்குள் உணவு இருக்கும் என்று இங்குள்ள குரங்குகளுக்குத் தெரியும். சாப்பாட்டை முதுகுப்பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.

மழை வந்தால்?

தூறலில் நடப்போம். இடி கேட்டால் உடனே கூரைக்குள். சிங்கப்பூரில் மின்னல் விளையாட்டல்ல. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு சூறைக்காற்று மழையோடு அடித்துவிட்டு ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். அப்படியென்றால் நடையைத் தள்ளிவைக்கும் செய்தி ஆறு மணிக்கே வந்துவிடும். மழை ஓய்ந்ததும் பறவைகள் இறகு உலர்த்த வெட்டவெளிக்கு வரும் என்பதால் காத்திருந்தவர்களுக்கு நல்ல காட்சி கிடைக்கும்.

பறவையை அடையாளம் சொல்லும் செயலி இருக்கும்போது வழிகாட்டி எதற்கு?

மெர்லின் செயலியை நாங்களும் வைத்திருக்கிறோம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், நன்றாகவே சொல்லும். சில சமயம் தப்பாகவும் சொல்லும், அதுவும் பல பறவைகள் ஒரே நேரத்தில் பாடினால். எங்கள் பழக்கம்: முதலில் காதால் கேட்டு, கண்ணால் தேடி, நாமாக ஒரு பெயர் சொல்லிவிட்டு அப்புறம் செயலியைத் திறப்பது. தலைகுனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமடித்துவிட்டுப் போனதைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

பார்த்தவற்றை இ-பேர்ட் தளத்தில் பதிந்துவைக்கிறோம், ஆய்வுக்கு உதவும். ஆந்தை எந்த மரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் எங்கேயும் எழுதுவதில்லை, நீங்களும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். மறுநாள் அந்த மரத்தடியில் நாற்பது லென்ஸ் நிற்கும்.

எங்கள் புளோக்கின் கீழே பச்சையும் நீலமுமாக ஒரு பறவை விழுந்து கிடந்தது. என்ன செய்திருக்கவேண்டும்?

அக்டோபர், நவம்பரில் என்றால் அது பெரும்பாலும் தோட்டக்கள்ளன் குடும்பத்தைச் சேர்ந்த பறவையாக இருக்கும். ஊரில் ஆறுமணிக்குருவி என்பார்களே, அதன் உறவு. இரவில் வலசை வரும்போது விளக்கொளியில் தடுமாறிக் கட்டடக் கண்ணாடியில் மோதி விழுந்துவிடுகின்றன. உயிர் இருந்தால் காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரோ சோறோ புகட்டாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். உடனே தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணை அழையுங்கள். இறந்திருந்தால் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் ஆய்வாளர்களுக்குத் தெரிவிக்கலாம். எந்தப் பறவை, எங்கே, எந்தத் தேதி என்ற கணக்கு அவர்களுக்குப் பயன்படுகிறது.

எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்வீர்கள்? கட்டணம் உண்டா?

பதினைந்து பேர். அதற்கு மேல் போனால் கடைசியில் நிற்பவருக்கு முதுகுதான் தெரியும். கட்டணம் இல்லை. பெயர் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் வராமல் இருந்தால் மட்டும் அடுத்த முறை காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் போடுவோம்.

நடை முடிந்ததும் என்ன?

பார்த்த பறவைகளின் பட்டியலை நின்றபடியே வாசிப்போம். யாராவது ஒருவர் மட்டும் பார்த்தது என்றால் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டுத்தான் சேர்ப்போம். அப்புறம் பக்கத்துக் காப்பிக்கடையில் பிராட்டாவும் தே தாரேயும், அவரவர் செலவு. அவசரம் உள்ளவர்கள் பட்டியல் முடிந்ததும் கிளம்பலாம். இரவல் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.